மூன்று முறை அழைக்கப்பட்டும்

ஹெட்போன் பஞ்சில் அடுத்தவன் காது நாறுகிறது. காலை ஷிஃப்ட்காரன் தலைக்கு வைக்கும் எண்ணெயும் அவன் வேர்வையும் ஊறிப்போன வாடை. டெட்டால் போட்டுத் துடைத்துப் பார்த்தேன், இப்போது டெட்டாலும் சேர்ந்து நாறுகிறது. மணி இரண்டேகால். நான்கு மணிக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் கீபோர்டுக்கு அடியில் கிடக்கிறது. நான்தான் அங்கே தள்ளிவிட்டேன். அதன் ஒரு மூலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அந்த மூலையைப் பார்க்காமல் திரையைப் பார்ப்பதற்குள் பாதி உயிர் போகிறது. திரையில் பதினாறு பச்சைக் கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு குரூப். டவுன், துறைமுகம், உப்பளம், மீட்டர், ஸ்டோர்ஸ் என்று பெயர் போட்டிருக்கிறது. யாராவது பேசினால் அந்தக் கட்டம் சிவக்கும். நான் தொட்டால் குரல் என் காதுக்கு வரும். ஒரே நேரத்தில் இரண்டு குரூப் கேட்கலாம், இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று. இந்த ஊருக்கு மின்சாரம் விநியோகிக்கிற பவளம் கம்பெனியில் முந்நூறு பேர் கையில் புது டிஜிட்டல் வயர்லெஸ் செட் இருக்கிறது. இந்த ஷிஃப்டில் முந்நூறு பேர் பேச்சையும் கேட்கக்கூடிய ஒரே ஆள் நான். கோமதிநாயகம், மானிட்டர். இருபத்தாறு வருஷம் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவனைத் தூக்கி இந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து, கேள், பேசாதே என்று சொல்லிவிட்டார்கள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். ஏசி இருக்கிறதே என்று ஒரு சந்தோஷம் வேறு. தூ.

துறைமுகம் சிவக்கிறது. தொடுகிறேன். எவனோ வாயில் எதையோ வைத்து மென்றுகொண்டே பேசுகிறான், மிக்சராக இருக்க வேண்டும், அதன் நறநறப்பைக்கூட இந்தச் செட் விடாமல் பொறுக்கிக்கொண்டு வந்து என் காதுக்குள் கொட்டுகிறது. பழைய செட்டில் இரைச்சல் இருந்தது, இரைச்சலுக்குள் ஒரு மனுஷன் இருந்தான், குரலை வைத்து இன்னார் என்று சொல்லிவிடலாம். இதில் இரைச்சல் கிடையாது, எல்லாக் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற ஒரே குரல், ஆனால் மெல்வதும் உறிஞ்சுவதும் மூக்குச் சிந்துவதும் மட்டும் சுத்தமாக வருகிறது. என்ன கண்டுபிடிப்போ. என் முன்னால் ஒரு படிவம். நேரம், குரூப், யார், என்ன தவறு. தேவையற்ற பேச்சு என்றால் ஒன்று, தவறான அழைப்புப் பெயர் என்றால் இரண்டு, மரியாதைக் குறைவு என்றால் மூன்று. ஒரு ஷிஃப்டுக்குக் குறைந்தது முப்பது பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் தூங்கினேன் என்று அர்த்தம். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. என்னோடு சேர்ந்து வெயிலில் நின்றவர்கள், சின்ன வயதில் எனக்கு ‘அண்ணாச்சி ரோஜர்’ என்று பட்டப்பெயர் வைத்துக் கேலி பண்ணியவர்கள், அவர்கள் பேச்சுக்கு நான் மார்க் போடுவதா. இரண்டாவது வாரம் கூச்சம் போய்விட்டது. மூன்றாவது வாரம் ருசி வந்துவிட்டது. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எவனாவது வாயைத் திறந்து வீட்டு விஷயம் பேச ஆரம்பித்தால் பேனா தானாக எழுந்து நிற்கும், மாட்டினான் என்று உள்ளே ஒரு குளுகுளுப்பு. சுவரில் பல்லி பூச்சியைப் பார்க்கும்போது அதற்கும் இப்படித்தான் இருக்குமோ என்னவோ. துறைமுகம், இரண்டு இருபத்திரண்டு, மென்றுகொண்டு பேசியது. இதற்கு எண் கிடையாது. மூன்றில் போடுகிறேன்.

ஒன்று என்று எழுதியபோதெல்லாம் கை இப்படிக் கனத்ததில்லை. பன்னிரண்டு நாளாகத்தான் கனக்கிறது. வேறு எதையாவது யோசி. மதியம் சாப்பிட்டது இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது, கேன்டீன் சாம்பாரில் எப்போதும் ஒரு ஈய வாசம். புரட்டாசி பிறந்தும் வெயில் குறையவில்லை. புரட்டாசியில்தான் உப்புத் துடைப்பார்கள். கடல்காற்றில் உப்பு வந்து கம்பத்துப் பீங்கான்மீது படியும், மழை பிடிப்பதற்கு முன்னால் அதை ஈரத்துணியால் துடைக்காவிட்டால் முதல் தூறலிலேயே பொறி பறந்து ஊர் இருட்டாகும். துடைப்பதற்கு ஆள் போதாது. அதனால் ஒரு செக்‌ஷன் ஆளை இன்னொரு செக்‌ஷன் இரவல் வாங்கும், அது காலங்காலமாக உள்ள வழக்கம். பார், எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நிற்கிறது. சரி, அங்கேயே நிற்கட்டும். பழைய வயர்லெஸ் ஒரே சேனல். ஊர் முழுக்க ஒரே சேனல். யார் பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும், சந்தை மாதிரி இருக்கும், எரிச்சலாக இருக்கும், ஆனால் அந்தச் சந்தையில் ஒரு வழக்கம் இருந்தது. நின்றுபோன லைனுக்கு மறுபடி மின்சாரம் விடுவதற்கு முன்னால் சப்ஸ்டேஷன் ஆபரேட்டர் மூன்று தடவை கூப்பிடுவான். நாலாம் நம்பர் சார்ஜ் பண்ணப் போறேன், கம்பத்துல யாரும் இருக்கியளா. மூன்று தடவை. பிறகு காத்திருப்பான். அந்த நேரத்தில் ஊரே வாயை மூடிக்கொள்ளும், இருமல்கூட வராது. யாராவது கம்பத்தில் இருந்தால் இருக்கேன் இருக்கேன் என்று கத்துவான். கத்தாவிட்டால் யாரும் இல்லை. எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம். லைன் கிளியர் என்று ஒரு காகிதம் உண்டு, ஃபோர்மேன் வேலை தொடங்கும்போது வாங்கி, முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுதான் முறையான சட்டம். ஆனால் காகிதத்தில் எத்தனை தடவை ஆள் விட்டுப்போயிருக்கிறது, எத்தனை தடவை இந்த மூன்று கூப்பாடுதான் பிடித்து நிறுத்தியது என்று எங்களுக்குத் தெரியும். அந்த மௌனத்தை இருபத்தாறு வருஷம் நானும் கேட்டேன். மௌனம் என்றால் லைன் காலி. அப்படித்தான் என் காது பழகியிருக்கிறது. பழகிய காது. இந்தக் காதை என்ன செய்வது.

புதுச் செட் வந்தபோது பாடம் நடத்த வந்தவர்கள் படம் போட்டுக் காட்டினார்கள். ஒருத்தர் தொந்தரவு இன்னொருத்தருக்கு இல்லை, அவரவர் குரூப் அவரவருக்கு, கம்ப்யூட்டரே பாதை ஒதுக்கும். எல்லோரும் கை தட்டினோம். பிஸ்கட் கொடுத்தார்கள், கிரீம் பிஸ்கட், அதன் கிரீமை நக்கிவிட்டு ஒருவன் நாற்காலிக்கு அடியில் தடவினான், அவனைத் திட்டுவதற்கு எனக்கு வாய் இருந்தது. மூன்று தடவை கூப்பிடுவோமே, அது இனிமேல் யாருக்குக் கேட்கும் என்று கேட்க வாய் இல்லை. தோன்றவே இல்லை. யாருக்கும் தோன்றவில்லை. டவுன் சப்ஸ்டேஷன் செல்லத்துரை புதுச் செட்டிலும் மூன்று தடவைதான் கூப்பிட்டான், பிறகு காத்திருந்தான், பிறகு சுவிட்சைப் போட்டான், பழையபடி.

கதவு திறக்கிறது. சென்ட் வாசம் முதலில் வருகிறது, பிறகு ரகுநந்தன் வருகிறார். மானேஜர், சென்னைக்காரர், முப்பத்திரண்டு வயது. எதையும் சிரித்துக்கொண்டேதான் கேட்பார். நான் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்துகிறேன்.

“என்ன கோமதி சார், போட்டாச்சா?”

“படிச்சுக்கிட்டு இருக்கேன்.”

“ஒரு பக்கம்தானே சார். நாலு மணிக்கு ஸ்கேன் பண்ணி ஹெட் ஆபீஸுக்கு அனுப்பணும்.”

“முழு ரெக்கார்டிங்கும் கேட்டீங்களா தம்பி?”

“டவுன் குரூப் கேட்டேன். மூணு கால் இருக்கு, தெளிவா. செல்லத்துரை மேல தப்பே இல்ல.”

“உப்பளம் குரூப்பு?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அது எதுக்கு சார்? சம்பவம் டவுன் லைன்ல. நம்ம விசாரணை டவுன் குரூப்போட முடியுது.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உப்பளத்தையும் எடுத்தா, அந்த நேரத்துல அதை யார் ஓப்பன் பண்ணிக் கேட்டுட்டு இருந்தாங்கன்னு சிஸ்டம் காட்டும். அப்புறம் மானிட்டர் என்ன பண்ணிட்டு இருந்தார்னு கேள்வி வரும். உங்களுக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு. எதுக்கு சார் அதெல்லாம்?”

என் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார். தோளில் அந்தச் சென்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆக, அவருக்குத் தெரியும். பன்னிரண்டு நாளாக எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்து நான் தின்னாமல் தூங்காமல் கிடந்தேன், அவர் தெரிந்துகொண்டே தினமும் குட் மார்னிங் சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றுகிறாராம். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்க வேண்டும்போல இருக்கிறது. ஆனால் அவர் சொன்னபோது உள்ளே ஒரு நிம்மதி வந்ததே, அது எங்கிருந்து வந்தது? வந்தது. ஒரு நொடி வந்தது. அப்பாடா, இவர் பார்த்துக்கொள்வார் என்று.

காகிதத்தை இழுக்கிறேன். சம்பந்தப்பட்ட பணியாளர் மூன்று முறை அழைக்கப்பட்டும் பதில் அளிக்கவில்லை. அதற்குக் கீழே, பணியாளரின் அலட்சியமே விபத்துக்குக் காரணம். பிறகு வேலைநீக்கத்துக்குப் பரிந்துரை, அதற்கும் கீழே செல்லத்துரை கையெழுத்து, ஃபோர்மேன் கையெழுத்து, என் பெயருக்கு நேராக வெறும் இடம். முதல் வரியில் எங்கே பொய் இருக்கிறது என்று திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மூன்று முறை அழைத்தது நிஜம். பதில் வரவில்லை என்பதும் நிஜம். ஒரு சொல்லில்கூடப் பொய் இல்லை. செட் வாங்கும்போது ஒரு செட்டுக்கு இரண்டு குரூப் மட்டும் போதும் என்று முடிவு பண்ணினார்கள், அந்தப் பணியாளர், உப்பளம் செக்‌ஷன் சுடலைக்கண்ணு, அவன் செட்டில் உப்பளமும் ஸ்டோர்ஸும் மட்டுமே இருந்தன, டவுன் என்ற குரூப்பே அதில் கிடையாது. அவனை டவுனுக்கு இரவல் அனுப்பியவர்கள் அந்தச் செட்டோடுதான் அனுப்பினார்கள். அவனை மூன்று முறை என்ன, முந்நூறு முறை கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது. அதை எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதாமல் விட்டே ஒரு மனுஷனைத் தொலைத்துக்கட்டிவிடலாம் என்று யார் இந்த மானேஜர் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? அன்றைக்கு டவுன் ஆட்கள் கம்பத்தை விட்டு இறங்கினார்கள், ஃபோர்மேன் பாதுகாப்புக்கு லைனில் மாட்டியிருந்த எர்த் ராடைக் கழற்றினார், லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்தார். கடைசிக் கம்பத்தில் உப்பளத்துக்காரன் ஒருவன் இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறான் என்பது அவர் ஞாபகத்தில் இல்லை. அவருக்கு ஞாபகம் இல்லை. எனக்கு?

எனக்கு ஞாபகம் என்ற பேச்சே இல்லை, எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையை நினை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்ன வாழ்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். வார்டில் பினாயிலும் சீழும் யாரோ தின்று மிச்சம் வைத்த புளிச்சோறும் சேர்ந்து நாறின. சுடலைக்கண்ணு படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. கட்டு உருண்டையாக இருந்தது. அதைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தேன், முகம் தெளிவாக இருந்தது, அது இன்னும் மோசம். அவன் மனைவி முத்துலதா என் கையில் ஆரஞ்சையே திருப்பிக் கொடுத்து, நீங்களே உரிச்சுக் குடுங்க அண்ணாச்சி என்றாள். உரித்தேன்.

“அண்ணாச்சி, மூணு தடவ கூப்பிட்டாங்களாமே,” என்றான் சுடலைக்கண்ணு. “எனக்கு ஒண்ணுமே கேக்கலியே.”

நான் ஆரஞ்சு நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

“மானேஜர் சார் வந்து ரெக்கார்டு போட்டுக் காமிச்சாரு. நல்லாக் கூப்பிடுதாரு செல்லத்துரை அண்ணன். செட்டு எம்பொறத்தாலதான் இருந்துச்சு, இடுப்புல. எனக்குத்தான் காது மந்தமாயிட்டுபோல. பத்து வருசமா டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துலயே நின்னு நின்னு.”

“தெனமும் இதான் அண்ணாச்சி,” என்றாள் முத்துலதா. “கண்ண மூடிக்கிட்டு, ஏட்டி, தள்ளி நின்னு டம்ளர்ல ஸ்பூன வச்சுத் தட்டுங்காரு. தட்டுனா கேக்குங்காரு. இன்னும் தள்ளிப் போங்காரு. வராண்டா வரைக்கும் போயித் தட்டுதேன், வார்டே என்னயப் பாக்கு.”

“எழுதிக் குடுத்துட்டேன் அண்ணாச்சி, நாந்தான் கவனிக்கலன்னு. எடது கைப் பெருவெரல் வச்சேன். செல்லத்துரை அண்ணன் பாவம்லா, அவரு என்ன செய்வாரு. இங்க காது டாக்டரு ஒருத்தரு வியாழக்கெழம வாராராம். காட்டட்டுமா?”

காட்டு, என்றேன். காட்டுவதில் தப்பில்லை. இந்த வாயால் சொன்னேன். சொல்லிவிட்டு, அவன் எடுக்காத இரண்டு சுளையை என் வாயிலேயே போட்டுக்கொண்டேன். இனிப்பாக இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது நகக்கண்ணெல்லாம் ஆரஞ்சு வாசம். சோப்புப் போட்டும் போகவில்லை, சாம்பல் வைத்துத் தேய்த்தேன். எனக்கு ஏன் சொல்ல வரவில்லை? வேலை போய்விடும் என்றா? இல்லை. வேலை போனால் போகட்டும் என்று அந்த நிமிஷமே தோன்றியது, பொய் சொல்லவில்லை. பயம் அதற்கு இல்லை. சொன்னால் அவன் ஒன்று கேட்பான். அவன் கேட்கப்போகிற அந்த ஒன்றுக்குத்தான் பயம்.

இன்று செவ்வாய். வியாழக்கிழமை காது டாக்டர் வருவார். காது நன்றாகத்தானே இருக்கிறது என்பார். அப்போது அவன், காது நன்றாக இருந்தும் கேட்கவில்லை என்றால் என் புத்திதான் சரியில்லை என்று நினைக்க ஆரம்பிப்பான். அவனை எனக்குத் தெரியும், எதிலும் தன் தப்பைத்தான் முதலில் தேடுவான், அப்படிப்பட்ட ஜென்மங்கள்தான் எவனுக்கும் வசதி.

டவுன் சிவக்கிறது. செல்லத்துரை. தகர டப்பாவுக்குள்ளும் அவன் குரல் எனக்குத் தெரிகிறது. ஆறாம் நம்பர் சார்ஜ் பண்ணப் போறேன், கம்பத்துல யாரும் இருக்கியளா. ஒன்று. மறுபடி. இரண்டு. மறுபடி. மூன்று. இப்போதெல்லாம் ஐந்து தடவை கூப்பிடுகிறான் பாவி, அன்றைக்கு மூன்று போதவில்லையோ என்று அவனுக்கும் உள்ளே அரிக்கிறது, அவனிடமும் யாரும் சொல்லவில்லை. ஐந்து. பிறகு மௌனம். டவுன் குரூப்பின் மௌனம், டவுன் ஆட்கள் இருபத்தெட்டுப் பேரின் மௌனம், ஊரின் மௌனம் இல்லை. நான் பேய் பிடித்தவன்போல மற்றப் பதினைந்து கட்டங்களையும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், எந்தக் கட்டத்திலாவது எவனாவது கம்பத்திலிருந்து பேசுகிறானா. மீட்டரில் யாரோ முகவரி கேட்கிறான். ஸ்டோர்ஸில் கேபிள் அளக்கிறார்கள். உப்பளம் பச்சையாகவே இருக்கிறது. சார்ஜ் பண்ணியாச்சு, நார்மல், என்கிறான் செல்லத்துரை. என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இந்த ஏசியில்.

அன்றைக்கு நான் எந்தக் கட்டத்தையும் தேடித் தொட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்த வாரம் எனக்குக் காலை ஷிஃப்ட், மணி பதினொன்று நாற்பத்திரண்டு. இடது காதில் டவுன், வலது காதில் உப்பளம். தற்செயலாக அந்த இரண்டுதான் திறந்திருந்தன. இடது காதில் செல்லத்துரை, நாலாம் நம்பர் சார்ஜ் பண்ணப் போறேன். வலது காதில் சுடலைக்கண்ணு, அவனுடைய செக்‌ஷனில் உள்ள யாரிடமோ, இன்னும் ஒரு கம்பம் பாக்கி, டவுன் நாலாம் நம்பர்ல கடைசிக் கம்பம், இந்த ஊர்க்காரனுவ ஒரு மடக்குத் தண்ணிகூடத் தரல, வாரேன், எனக்கு மோரு எடுத்து வையி. நாலாம் நம்பர் என்று இரண்டு காதிலும் கேட்டது. இடது காதில் ஒரு நாலு, வலது காதில் ஒரு நாலு. இவ்வளவையும் கேட்டேன். ரெக்கார்டில் இப்போது கேட்கவில்லை, அப்போதே, அந்த நேரத்திலேயே, என் சொந்தக் காதால். அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், எழுதிக்கொண்டிருந்தேன். பதினொன்று நாற்பத்திரண்டு, உப்பளம், சுடலைக்கண்ணு, மோர், ஒன்று. அந்தப் படிவம் இன்னும் ஃபைலில் இருக்கிறது, என் கையெழுத்து அழகாக இருக்கும், மோர் என்ற சொல்லில் கால் வாங்கியது அவ்வளவு நேர்த்தி. இடது காதில் மூன்று கூப்பாடு முடிந்தது, யாரும் பதில் சொல்லவில்லை, என் இருபத்தாறு வருஷக் காது லைன் காலி என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டது. வலது காதில் அந்த லைனிலேயே ஒருவன் நின்று மோர் கேட்கிறான், அவனை நான் கம்பத்தில் இருக்கிற ஆளாகக் கேட்கவில்லை, அன்றைய பன்னிரண்டாவது கேஸாகக் கேட்டேன்.

பழக்கம் என்று சொல்லிப் பார்த்தேன், பன்னிரண்டு நாளும். பழக்கம்தான், காது பழையது, செட் புதுசு. அப்புறம் பயம் என்று சொல்லிப் பார்த்தேன். திரையில் எல்லாக் குரூப்பிலும் ஒரே நேரத்தில் பேச ஒரு பட்டன் உண்டு, போன மாதம் ஒரு கம்பத்தடியில் பாம்பு என்று கேட்டு அதை அழுத்திச் சொல்லிவிட்டேன், மானிட்டர் பேசக்கூடாது என்று மெமோ கொடுத்தார்கள். அதனால் பயந்தேன் என்று வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ள முடியாது, பயப்பட வேண்டுமானால் முதலில் விஷயம் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை. மாட்டினான் என்ற அந்தக் குளுகுளுப்பு இருந்ததே, அது நடுவில் நின்றது. இடது காதும் வலது காதும் சந்திக்கிற இடத்தில் ஒரு மனுஷன் இருக்க வேண்டும், அங்கே ஒரு பேனா இருந்தது. பிறகு வலது காதில் ஒரு சத்தம். அதை எழுதவில்லை. அதற்கு எண் கிடையாது.

மணி மூன்றே முக்கால். பேனாவை எடுக்கிறேன். அச்சடித்த வரிகளை அடிக்கவில்லை, அவை எல்லாம் நிஜம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும். என் பெயருக்கு நேராக உள்ள இடத்தில் பொடி எழுத்தில் எழுதுகிறேன். சுடலைக்கண்ணுவின் செட்டில் டவுன் குரூப் கிடையாது. அழைப்பையும் அவர் கம்பத்தில் இருந்து பேசியதையும் ஒரே நேரத்தில் நான் கேட்டேன். எச்சரிக்கவில்லை. கோ. கோமதிநாயகம். இடம் போதாமல் கடைசி எழுத்து விளிம்பில் ஏறிவிட்டது. எழுதி முடித்ததும் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன்போல, ஒன்றும் ஆகவில்லை, அதே சாம்பார்தான் தொண்டையில் நிற்கிறது. காகிதம்தானே. ரகுநந்தன் வருவார், சிரிப்பார், இன்னொரு பிரதி எடுப்பார், என் இடத்தில் வேறு யார் பெயரையாவது போடுவார். இதை நம்பி என்ன பிரயோசனம். வியாழக்கிழமை அவன் காது டாக்டர் முன்னால் போய் உட்காருவான். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைக்கிறேன், பதினாறு குரூப்பும் பேசிக்கொண்டு கிடக்கட்டும். என் செல்போனை எடுக்கிறேன், திரை ஈரத்தில் வழுக்குகிறது, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவன் நம்பரை அழுத்துகிறேன். நாலைந்து ரிங் போனபிறகு எடுத்தால்கூடப் பரவாயில்லை, எடுக்காமலே இருந்தால்கூட. இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டான்.

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“சுடலை, ஒனக்குக் காது நல்லாத்தான் இருக்கு.”

“டாக்டரு இன்னும் வரலியே.”

“டாக்டர் வேண்டாம். ஒஞ்செட்டுல டவுன் குரூப்பே கெடையாது. செல்லத்துரை கூப்பிட்டது ஒனக்கு வராது. அந்தச் செட்டுல யாருக்கும் வந்துருக்காது. ஓம்மேல தப்பே இல்ல.”

அவன் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான், வாய்விட்டு, பன்னிரண்டு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக இருக்கலாம். ஏட்டி லதா, எனக்குக் காது நல்லாருக்காம், அண்ணாச்சி சொல்லுதாவ, என்று போனைத் தள்ளிவைத்துச் சொன்னான். அவள் என்னவோ சொன்னாள், டம்ளர் எங்கோ உருண்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். இதோடு போனை வைத்துவிடலாம், நல்ல செய்தி சொல்லியாயிற்று, ஆரஞ்சு கொடுத்த மாதிரி இதையும் கொடுத்தாயிற்று. கட்டைவிரல் சிவப்புப் பொட்டின்மேல் போய் நின்றது. அதை எடுத்துக்கொண்டேன்.

“அப்ப எனக்கு வரலன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றான்.

“எனக்கு ரெண்டும் வந்துச்சு. அவரு கூப்பிட்டதும் வந்துச்சு, நீ மோரு கேட்டதும் வந்துச்சு.”

“இப்பப் போட்டுக் கேட்டியளா, ரெக்கார்டுல?”

“இல்ல. அப்பவே.”

வார்டில் யாரோ இருமினார்கள். தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போனது. அவன் மூச்சு கேட்டது, நிதானமாகத்தான் இருந்தது.

“நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன், சுடலை. யாரு கேட்டாலும் சொல்லுவேன்.”

அதை அவன் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

“எம்புட்டு நேரம் இருந்துச்சு அண்ணாச்சி?” என்றான். “அவரு கடைசியாக் கூப்பிட்டதுக்கும் சார்ஜ் பண்ணதுக்கும்?”

இதுதான். இதைத்தான் கேட்பான் என்று ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியும். “பதினொரு செகண்டு,” என்றேன்.

ஒண்ணு, என்றான். ரெண்டு. எண்ண ஆரம்பித்துவிட்டான். கோபம் ஒன்றும் இல்லை குரலில், கம்பத்தில் பீங்கான் எத்தனை என்று எண்ணிச் சொல்கிறவன் குரல். மூணு. நாலு. நிறுத்து என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அஞ்சு. ஆறு. ஏழில் முத்துலதா என்ன என்று கேட்டாள், அவளுக்குப் பதில் சொல்லாமல் எட்டு என்றான். ஒம்பது. பத்து. பதினொண்ணு.

“நெறைய நேரம்லா அது, அண்ணாச்சி,” என்றான்.